பதில் போடாதவர் பெயர்

மழை விட்டும் விடாத பிற்பகலில், துறைமுகத்துக்குப் பின்னாலிருந்த பழைய வீட்டுக்குள் மதிவதனா குடையை மடக்கிக்கொண்டு வந்தாள். அந்த வீட்டு முன்னறைதான் அலுவலகம். மீன்பிடிப் படகுகளின் கைபேசிகளுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் திறந்த மூல மென்பொருளை அங்கிருந்துதான் பராமரித்தார்கள்.

'பராமரித்தார்கள்' என்பது இஹ்ஸானின் சொல். பொறுப்பாளர் பட்டியலில் அவன் பெயர்தான் முதலாவது. மேடை கிடைத்தால் பேசுவான். வந்த முறைப்பாடு ஒன்றையாவது திறந்து பார்த்தவனில்லை.

அவனுக்கு அடுத்த பெயர் தயாளினி. டெங்குவில் அவள் இறந்து ஒரு வருடமாகியும் எச்சரிக்கைப் பகுதி அவள் பெயரிலேயே கிடந்தது. அந்தப் பகுதிக்கு மதிவதனா எழுதிய திருத்தமும் தயாளினியின் ஒப்புதலுக்காகத்தான் காத்துக் கிடந்தது.

"குச்சவெளிப் படகுகளுக்கு எச்சரிக்கை பிந்தித்தான் போகுது." மதிவதனா குடையை மூலையில் சாத்தினாள். " என்ர தம்பி இப்ப கடலில நிக்கிறான். செத்த ஆளிட்டயே ஒப்புதல் கேக்கிறது?"

தயாளினியின் யன்னலோரக் கதிரையில் சாய்ந்திருந்த இஹ்ஸான் சிரித்தான். "பேர் கிடந்தா என்ன, சோறா கேக்குது? தொடருறீங்களா எண்டு எல்லாருக்கும் மின்னஞ்சல் போயிருக்கு. செத்தவட கபுறுக்குழிக்கும் ஒண்டு போயிருக்கு. பதில் போடாத ஆளின்ட பேரைக் கணினி நிரல் தானா எடுத்துடும். இண்டையோட தவணை முடியுது. பொறுங்க."

"நீங்க பதில் போட்டனீங்களோ?"

"எனக்கெதுக்கு? தொடங்கினதே நான்தானே."

அந்தப் பல்லிளிப்பைப் பார்க்கச் சகிக்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மின்விளக்கு மங்கி மறுபடி எரிந்தது. ஈரச் சுவரின் வாடைக்குள் இன்னொரு வாசம் மெல்லக் கலந்தது.

தலைவலித் தைலம்.

தயாளினி நெற்றியில் பூசாமல் ஒரு நாளும் வேலைக்கு உட்கார்ந்ததில்லை.

"மணக்குதோ?" என்று மதிவதனா கிசுகிசுத்தாள்.

இஹ்ஸான் மூக்கைத் துடைத்தான்.

மடிக்கணினி ஒலித்தது.

தயாளினியின் மின்னஞ்சல்.

'தொடர்கிறேன். மதிவதனாவின் திருத்தத்தில் நேரக் கணக்கு பிழையாக இருந்தது. சரிசெய்து ஒப்புதல் தந்துவிட்டேன்.'

மதிவதனா தன் திருத்தத்தைத் திறந்து பார்த்தாள். பிழை உண்மைதான். வேறு எவரும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

சற்றுநேரத்தில் தம்பி அழைத்தான். "அக்கா, எச்சரிக்கை வந்திட்டுது. படகைத் திருப்பிட்டம்."

அவள் மூச்சு விடுவதற்குள் இஹ்ஸான் கத்தினான். பட்டியலில் அவன் பெயரைக் காணவில்லை.

"ஆரோ அவட கடவுச்சொல்லைக் களவெடுத்துட்டாங்க!"

"களவெடுத்த ஆளெண்டாலும் வேலை செய்யுதே," என்றாள் மதிவதனா.

பட்டியலை மறுபடி திறந்தாள். தயாளினி தன் தொடர்பு விபரத்தையும் திருத்தியிருந்தாள். பழைய முகவரி இருந்த இடத்தில் இந்த வீட்டு இலக்கம் இருந்தது.

அதன் கீழே: முன்னறை. யன்னலோரக் கதிரை.

இஹ்ஸான் எழும்பப் பார்த்தான்.

எழும்ப ஏலாமல் இருந்தது.