இருபத்திரண்டாவது படம்

ஆள்காட்டி விரல் காலையில் இவ்வளவு தூக்கி நிற்கவில்லை.

ஜோஸ்னா பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்தாள். உள்ளே, கறுப்புத் துணி ஒட்டிய பலகையில், ஒரு மனிதக் கையின் எலும்புகளைச் செப்புக் கம்பியால் கோத்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி படுக்க வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு. காலையில் அந்த விரலின் நுனிக்கும் துணிக்கும் நடுவே ஒரு புளியங்கொட்டை நுழையும் இடைவெளிதான் இருந்தது. இப்போது அவளுடைய அழிரப்பரை நிமிர்த்தி வைக்கலாம்.

மழைக்காற்றில் கம்பி இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் யோசிக்க மனதில் இடம் இல்லை. மூன்று நாளாகவே அது கோபத்தால் நிறைந்திருந்தது.

விலங்கியல் கடைசி செமஸ்டரின் ரெக்கார்டு நோட்டில் மொத்தம் இருபத்திரண்டு படங்கள். இருபத்தொரு படங்களின் கீழே துறைத்தலைவர் ஜெயதாஸ் கையெழுத்திட்ட ஒப்பு இருந்தது. இருபத்திரண்டாவது படமான இந்தக் கையை அவர் மூன்று தடவை சிவப்பு மையால் குறுக்கே கிழித்திருந்தார். எல்லாப் படமும் முடிந்தால்தான் முதல் பக்கத்துச் சான்றிதழில் ஒப்பு போடுவார். அந்த ஒப்பு இல்லாமல் திங்கட்கிழமை செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடமாட்டார்கள். தவறினால் ஒரு வருடம் போய்விடும். நாளை முதல் அவர் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருப்பார். அவளுக்கு இன்று மாலை ஐந்து மணிவரைதான் நேரம்.

வகுப்பில் வேறு யாரும் இந்தப் பெட்டியைப் பார்த்தது கிடையாது. முந்தைய வருடத்து ரெக்கார்டை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, மேலே தங்கள் தாளை வைத்து, கோட்டின்மேல் கோடு போட்டு எடுத்துவிடுவார்கள். அந்த ரெக்கார்டும் அதற்கு முந்தையதிலிருந்து அப்படி எடுத்ததுதான். எத்தனையோ வருடங்களாக ஒரே கை ஒரே தாளிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தது. ரெக்கார்டு கைமாறிய நாட்களில் ஜோஸ்னா மஞ்சள்காமாலை வந்து வீட்டில் கிடந்தாள். அதனால் திரும்பி வந்தபின் மதிய இடைவேளைகளில் இந்த மியூசியம் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து வரைந்தாள். போகப்போக அது அவளுக்குப் பிடித்தும் போயிற்று. கடைசியில் கைக்கு வந்தாள்.

முதல் தடவை ஜெயதாஸ் நோட்டை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார்.

"இதென்ன பிள்ளே, கொழுக்கட்டை பிடிக்குத கையா? டெக்ஸ்டுல இப்பிடியா இருக்கு?"

"பெட்டியில இப்பிடித்தான் சார் இருக்கு."

"ஓஹோ. பெட்டியில என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லித் தருதியா? கேட்டுக்கிடுங்கடே. பனச்சமூட்டுல ஆட்டோ ஓட்டுத வேதமணிக்க மோளு எனக்கு எலும்பு படிப்பிக்கப் போறா."

வகுப்பு சிரித்தது. பெட்டி அவரிடமிருந்து நாலு எட்டு தூரத்தில்தான் இருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்புப் பேனாவை அழுத்தி இழுத்ததில் தாள் கிழிந்தது. அப்பாவின் பெயரை அவர் சொன்ன விதம் மூன்று நாளாக அவள் தொண்டையில் மீன்முள்போல நின்றது.

இன்று மதியம் வகுப்புத் தோழி பிரசீதா தன் ரெக்கார்டை நீட்டினாள். "இத வச்சு டிரேஸ் எடுத்துட்டுப் போ. அஞ்சு நிமிஷ வேல. நான் சீனியர் அனூஜ் அண்ணனுக்கதப் பாத்து எடுத்தேன். அவரு ஆருக்கதப் பாத்தாரோ."

"கண்ணால பாத்து வரைஞ்ச எனக்குத் தப்பு. ஒண்ணையும் பாக்காம வரைஞ்ச உங்களுக்கெல்லாம் செரியாக்கும்?"

"செரிதான். ஒப்பு வாங்குனவளுக்கு எல்லாம் செரிதான். வீம்பு பிடிச்சுக்கிட்டு இருந்தா பரீட்சை போவும், கேட்டியா? பின்ன எனக்க ஜூனியரா வந்து என்னைய அக்கான்னு விளி."

ஜோஸ்னா அதை வாங்கவில்லை. வாங்கியிருந்தால் மூன்று மணி வெள்ளறடை பஸ்ஸில் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

மூன்றரைக்கு அட்டெண்டர் தாணுமாலயன் ஜன்னல்களை அடைக்க வந்தார். வானம் கிழக்கே மலைப்பக்கம் கறுத்திருந்தது.

"மழ வருகு மக்கா. வீட்டுக்குப் போ. எதுக்கு இதுக்க முன்னால போய் இருக்க?"

"ஒப்பு வாங்காம போவமாட்டேன் அண்ணே."

அவர் துணியால் பாம்பு ஜாடியைத் துடைத்தார். சுறாக்குட்டி ஜாடியைத் துடைத்தார். கை இருந்த பெட்டியைத் தாண்டிப் போய் அடுத்த ஜாடியைத் துடைத்தார்.

"இதத் தொடைக்கலியா?"

"இல்ல."

"என்னத்துக்கு?"

"தொடச்சா தெளிஞ்சு தெரியும்லா," என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வராந்தாவில் செருப்புச் சத்தம் வழக்கத்தைவிட வேகமாகத் தேய்ந்து மறைந்தது.

மழை ஷீட்டுக் கூரையில் ஒரே அடியாக விழுந்தது. மின்சாரம் போய், மேலே சுற்றிக்கொண்டிருந்த விசிறி முனகிக்கொண்டே வேகம் குறைந்து நின்றது. ஃபார்மலின் நெடியோடு, பக்கத்துத் தோட்டத்துப் புகைப்புரையில் காயும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும், நனைந்த மண்ணின் வாடையும் சேர்ந்து, வாயைத் திறந்தால் நாக்கில் ஒட்டும்படி அறையை அடைத்துக்கொண்டன. ஜாடிகளுக்குள் வெளுத்துப்போன உடல்கள் ஜன்னலின் சாம்பல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தன.

அவள் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தாள்.

தெளிவாகத் தெரிந்தது. விரல் மூட்டுகள் ஒவ்வொன்றிலும் வரிவரியாகக் கீறல்கள். இரும்பால் பிடித்து நெரித்ததுபோல இரண்டு பக்கமும் ஒரே அளவில். பழைய கீறல்கள் பழுப்பேறியிருந்தன. புதியவை வெள்ளையாக இருந்தன. சுண்டுவிரலின் நடு எலும்பு முன்பு எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. உயிரோடு இருந்தபோது முறிந்தது. வேலை செய்த கை. எங்கே, யாருடைய வேலை என்று சொல்ல ஒரு சீட்டும் ஒட்டவில்லை. பெயர் தெரியாத ஒரு ஆளின் கையை இப்படி வருடக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அதை ஒரு தடவை நேராகப் பார்க்கக்கூட ஒருவருக்கும் மனம் இல்லை என்று நினைத்தபோது அவளுடைய கோபம் இன்னும் பெரிதாயிற்று.

புதிய தாளை எடுத்தாள். இந்தக் கைக்கு நான்காவது படம்.

மணிக்கட்டிலிருந்து தொடங்கினாள். எட்டு எலும்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, குனிந்து வரைந்து, மறுபடி பார்த்தாள். உள்ளங்கை முடிந்தது. கட்டைவிரல் முடிந்தது. ஆள்காட்டி விரலுக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். அழித்தாள். வரைந்தாள். மறுபடி பார்த்தாள். மறுபடி அழித்தாள்.

நடுவிரலும் தூக்கியிருந்தது.

கண்ணை எடுக்காமல் ஒரு நிமிடம் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. தாளைப் பார்த்தாள். உதட்டுக்குள் மூன்றுவரை எண்ணி நிமிர்ந்தாள்.

மோதிரவிரல்.

எழுந்து போய்விடலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் எழுந்தால் படம் இல்லை, படம் இல்லாவிட்டால் ஒப்பு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். தாளைப் பார்க்கும்போது நடக்கிறது. அவள் பார்க்காதபோது மட்டும். சீக்கிரம் வரைந்தாள்.

டிக்.

மழைச் சத்தம் இல்லை. ஜாடிகளிலிருந்தும் இல்லை. கண்ணாடிக்கு உள்ளே இருந்து.

டிக்.

"இன்னும் போவலியா?"

ஜோஸ்னா துள்ளி எழுந்தாள். கதவில் ஜெயதாஸ், நனைந்த குடையோடு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து நோட்டை இழுத்துத் திருப்பினார். முகம் சிவந்தது.

"முதல்ல கொழுக்கட்டை. இப்ப முஷ்டியா? என்னைய ஆக்குதியா நீ, கேலியா?"

"ஒரு தடவ பெட்டியப் பாருங்க சார். ஒரே ஒரு தடவ."

"பாக்கதுக்கு என்ன இருக்கு? கம்பி அயந்து இளகி மடங்கும். வருஷா வருஷம் பரீட்சைக்கு முன்ன நான்தான் நிமித்தி வைக்கேன். டெக்ஸ்டுல உள்ளது மாதிரி."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு குறடை எடுத்தார். கண்ணாடி மூடியைத் திறந்தார். உள்ளிருந்து வந்த வாடையில் ஃபார்மலின் இல்லை. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த ஆளின் வியர்வை வாடை. அவர் அதைக் கவனிக்கவில்லை. இடது உள்ளங்கையை எலும்புக் கையின் மேல் வைத்து அமுக்கினார். வலது கையில் குறடு.

"இப்பிடி இருக்கணும். இந்தா, பாரு. இப்பிடி..."

நிறுத்தினார்.

எலும்பு விரல்கள் அவர் விரல்களின் இடுக்கு வழியாக மேலே வந்து, புறங்கையின் மேல் மடிந்தன. மெதுவாக. கைகுலுக்குவதுபோல.

"கம்பி மாட்டிக்கிட்டு," என்றார். இழுத்தார். பலகையும் சேர்ந்து வந்தது. சிரிக்கப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் அவள் இதுவரை பார்க்காத ஒரு பயம் வந்தது. குறடு கீழே விழுந்து மேஜைக்கு அடியில் சரிந்து போயிற்று.

"எடு. அந்தக் குறட எடு பிள்ளே."

ஜோஸ்னா அசையவில்லை. பயத்துக்குக் கீழே, ஆழத்தில், மூன்று நாளாகக் கனன்ற கோபம் அப்படியே இருந்தது. நோட்டை அவர் பக்கம் தள்ளினாள். பேனாவைத் திறந்து வைத்தாள்.

"ஒப்பு போடுங்க சார்."

"பிள்ளே, நீ என்ன..."

"வலது கை சும்மாதான இருக்கு. போடுங்க."

மணிக்கட்டுக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. பிட். பிட். அவர் பேனாவை எடுத்தார். நான்காவது படத்தின் கீழே ஒப்பு போட்டார். வியர்வை தாளில் சொட்டியது.

"போட்டாச்சு. இனி எடு. கும்பிடுதேன் மோளே."

"சான்றிதழ்லயும்."

முதல் பக்கத்தை விரித்தாள். கதவு வழி வந்த மழைக்காற்றில் தாள் எழும்பியது. வலது கையால் அமுக்கிப் பிடித்தாள்.

அப்போதுதான் எலும்புக் கை அவருடைய இடது கையைப் புரட்டிப் பலகையில் வைத்தது. உள்ளங்கை மேலே. சுண்டுவிரலைப் பிடித்தது. நிமிர்த்தியது. விரல் நிமிர்ந்து பலகையைத் தொட்ட பிறகும் விடவில்லை. ஈரச் சுள்ளி முறியும் சத்தம் கேட்டது. ரத்தம் இல்லை. அவர் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மோதிரவிரல். நடுவிரல். அவசரமே இல்லை. ஒவ்வொன்றையும் அமுக்கி, விலக்கி, சரிபார்த்து, அடுத்ததற்குப் போயிற்று. கடைசியில் கட்டைவிரல்.

பலகையில் அவருடைய கை தட்டையாகக் கிடந்தது. துணியோடு துணியாக. அத்தனை தட்டையாக ஒரு கை இருக்க முடியாது.

ஜெயதாஸின் வலது கை மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றை நிறுத்தாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்பதுபோல. பெயரின் பாதியில் பேனா நின்றது.

இன்னும் இரண்டு எழுத்து. ஜோஸ்னா தாளை விடவில்லை.

எலும்புக் கை பலகையிலிருந்து இறங்கியது. அறுந்த கம்பிகளை இழுத்துக்கொண்டு, விரல்நுனிகளில் நடந்து, நோட்டின் ஓரத்தில் ஏறியது. தாள் அதன் எடையில் சற்றே அமிழ்ந்தது. பேனா பிடித்த கைக்கும் தாளைப் பிடித்த கைக்கும் நடுவே வந்து நின்றது. ஆள்காட்டி விரலைத் தூக்கியது.

முதலில் அவர் பக்கம் திரும்பியது.

பிறகு, தாளை அமுக்கியிருந்த அவள் கையின் பக்கம்.