அழிக்க வேண்டாம், ஹேமலதா

துப்பட்டாவிலிருந்து நீர் சொட்ட, லேப்டாப் பையை மட்டும் நனையவிடாமல் நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்தாள் அவள்.

"ஆன்டிவைரஸ் டெமோ... ஹேமலதா."

"பத்து மணின்னீங்க. இப்ப பத்தே முக்கால்," என்றான் நிலவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நெல்லித்தோப்புல முழங்கால் தண்ணி சார். நீச்சல் தெரியும்னு என்னைய வேலைக்கு எடுக்கல."

நிமிர்ந்தான். மை கரைந்தும் சிரித்த கண்கள்... சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

முத்தியால்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி அது. போன வாரம் ஒரு வைரஸ் மெயில் இரண்டு நாள் வேலையை முடக்கிவிட்டது. மெயில் சர்வருக்கு இன்றைக்குள் ஓர் ஆன்டிவைரஸைத் தேர்ந்தெடுப்பது நிலவனின் பொறுப்பு.

அவள் சோதனையைத் தொடங்கினாள். திரையில் ஒரு மெயில் கணக்கின் பெயர் சிவந்தது.

"அறிவுமதி... ரெண்டு வருஷமா சும்மா கெடக்குது. இதுலதான் வைரஸ். மொத்தமா தூக்கிடலாமா சார்?"

"கைய எடுங்க!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. ஹேமலதா லேப்டாப்பை மூடிக்கொண்டு வெளியேறினாள்.

வாசலில் அக்கவுண்டன்ட் கமலக்கண்ணன் அவளைத் தடுத்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. அறிவுமதி அவன் சம்சாரம். இங்கதான் வேல பாத்துச்சு. காய்ச்சல்னு படுத்தது, எழுந்திரிக்கல. பக்கத்து டேபிள்லேருந்தே தெனம் 'சாப்டியா'ன்னு அவனுக்கு மெயில் போடும். எல்லாம் அதுல இருக்குது."

ஐயோ... அவள் திரும்ப உள்ளே நடந்தாள்.

நிலவன் எழுந்து நின்றான். "மன்னிச்சிடுங்க. கத்தியிருக்கக் கூடாது."

"எங்க சாஃப்ட்வேர வாங்காதீங்க சார்."

"என்னது?"

"வைரஸ் இருந்தா மெயிலோட சேத்து அழிச்சிடும். வேற கம்பெனியோடது இருக்கு. கெட்டுப்போன ஃபைல மட்டும் தனியா பூட்டி வெக்கும். எழுத்து அப்படியே இருக்கும்." ஒரு தாளில் பெயரை எழுதி நீட்டினாள்.

"உங்க ஆபீஸ்ல திட்ட மாட்டாங்க?"

"திட்டுவாங்க. இந்த மாசம் நான் ஒண்ணுகூட விக்கல..."

"அப்புறம் ஏன்?"

"ஒருத்தர் இவ்ளோ பத்திரமா வெச்சிருக்கறத என் கையால அழிக்கணுமா?"

அவன் அந்த இன்னொன்றையே நிறுவினான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து உதவினாள். அறிவுமதியின் மெயில் ஒன்றுகூட அழியவில்லை. அவள் பையை எடுத்தாள். மழை ஓய்ந்திருந்தது.

"ஹேமலதா..."

படியில் நின்றாள்.

"ரெண்டு வருஷமா எனக்கு எதுவுமே தோணல. பசி, தூக்கம், ஒண்ணும். இன்னிக்கு கோவம் வந்துச்சு. இப்ப... நீங்க போறது கஷ்டமா இருக்கு. இத எப்டி சொல்றதுன்னு தெரியல."

"சொல்லிட்டீங்களே..."

அவள் தலை குனிந்தாள். ஈர இமைகள் ஒருமுறை படபடத்து உயர்ந்தன.

"எனக்குந்தான்... போவ மனசு வரல."