அமத்து புள்ள

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பிப் பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, நாள் முழுக்க வெயிலில் காயவைத்து, நேற்று அஸர் தொழுகைக்கு முன்னர் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி மேசையில் வைத்த கார் பிரேக்கின் கெலிப்பருக்குள் இன்று காலையில் தண்ணீர் நின்றது.

அதிகமில்லை, ஒரு தேக்கரண்டி இருக்கும். பிஸ்டன் இறங்கும் வட்டக் குழியின் அடியில் கறுப்பாகக் கிடந்தது. பளீல் விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தான். மழைத் தண்ணீரின் மணமில்லை. வாய்க்கால் வற்றும்போது அடியில் தெரியும் சேற்றின் நாற்றம். நிமிர்ந்து கூரைத் தகரத்தைப் பார்த்தான். ஓட்டை இல்லை. சுற்றியிருந்த தாள் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

"இஞ்சப்புள்ள, இதக் கொஞ்சம் பாரு" என்று சொல்ல வாய் திறந்துவிட்டான். பிறகுதான் வீட்டுக்குள் யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. மனைவி றபீக்கா குவைத்துக்கு வேலைக்குப் போய்ப் பதினொரு மாதம். பிள்ளைகள் இல்லை. நற்பிட்டிமுனைக்குப் போகும் வழியில் வயலைப் பார்த்தபடி அவனுடைய கராஜ், அதன் முதுகோடு ஒட்டினாற்போல் இரண்டறை வீடு. எண்பத்திரண்டாம் ஆண்டு மாரியில் வயலெல்லாம் வெள்ளம் மேவிக் கிடந்தது. பின்னேரத்தில் தவளைச் சத்தத்தைத் தவிர அவனோடு கதைக்க ஒன்றுமில்லை. றபீக்கா பேசிப் பதிந்து அனுப்பிய கசற்றின் இரண்டு பக்கமும் அவனுக்குப் பாடமாகிவிட்டது. அவள் எந்த இடத்தில் மூச்சு விடுவாள், எந்த இடத்தில் இருமுவாள் என்பதுகூடத் தெரியும்.

குழியை மறுபடி துடைத்து, எமரித்தாளால் மினுக்கினான். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த புது சீல் றப்பர்களை பிரேக் ஒயிலில் நனைத்து, பெருவிரலால் காடிக்குள் அமுக்கி, பிஸ்டனை நேராகப் பிடித்து உள்ளே இறக்கினான். வெளிப்புறத்துக்கு ஏற்கெனவே வெள்ளிப் பூச்சு அடித்தாயிற்று. சில்லோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்வி வண்டியை நிறுத்துகிற தாடை அது. மேசையில் பளபளவென்று, வாய் பிளந்தபடி கிடந்தது.

பத்து மணிபோல ஷரிபுதீன் ஹாஜியார் குடையோடு வந்தார். மாவடிப்பள்ளியில் அரிசி மில் வைத்திருப்பவர். கராஜில் நின்ற, இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய அந்த வெள்ளை எம்.ஜி. காரை மகளின் கலியாணத்துக்கென்றே வாங்கியிருந்தார்.

"என்ன பளீல், முடியிற மாதிரியா? வியாழக்கிழம மாப்பிள்ளைய இதிலதான் கூட்டி வரோணும்."

"பிரேக்கில காத்து எடுத்தா இண்டைக்கு முடிஞ்சிரும் ஹாஜியார். இடப்பக்கம் கால் வைக்கிற தகரம் உக்கிப் போய் வெட்டி எடுத்திட்டன். அத நாளைக்கு அடிக்கிறன்." பளீல் கையைத் துடைத்துக்கொண்டான். "இந்தக் கார் தண்ணிக்குள்ள கிடந்ததா?"

"ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. இரும்பப் பாத்தா விளங்குது."

ஹாஜியார் காரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். "கிடந்ததுதான். கல்லோயாப் பக்கம் ஒரு பெரிய வாய்க்காலுக்குள்ள. முந்தி வச்சிருந்தவர் ஒரு என்ஜினியர். வளைவில பிரேக் புடிக்கல்ல. அவர் பாஞ்சி தப்பிட்டார். பொஞ்சாதி பக்கத்து சீட்டில இருந்தவ. அவ பாயல்ல."

பளீல் தகரம் வெட்டியெடுத்த இடப்பக்க ஓட்டையைத் திரும்பிப் பார்த்தான்.

"கரையில நிண்ட ஒருவன்தான் எனக்குச் சொன்ன. கார் போகக்குள்ள அவ காலால கீழ ஊண்டி ஊண்டி மிதிச்சவவாம். அந்தப் பக்கம் ஏது பிரேக்? அவட மையத்த வெளிய எடுக்கக்குள்ளயும் கால் மடங்கல்லையாம்." குடையை விரித்தார். "நீ இத ஆருட்டயும் கதைச்சிராத. கலியாணக் காரியம்."

அவர் போன பிறகு பளீல் கெலிப்பர்கள் இரண்டையும் முன்சில்லுகளில் பூட்டினான். சில்லுகளைக் கழற்றி, காரை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்தான். பிஸ்டன்கள் சீராக வருகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக பிரேக் கட்டைகளை இன்னும் போடவில்லை. குழாயை முடுக்கி, ஒயில் ஊற்றி முடிக்கும்போது அஸர் கடந்து மழை பிடித்துவிட்டது.

பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுவது இரண்டு பேர் செய்யும் வேலை. ஒருவர் உள்ளேயிருந்து பெடலை அமத்திப் பிடிக்க, மற்றவர் சில்லடியில் இருந்து சின்னத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். முன்பெல்லாம் றபீக்கா கராஜ் கதவைச் சாத்திவிட்டு, முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கின் முன்னால் ஏறி இருப்பாள். அவன் கீழேயிருந்து "அமத்து புள்ள" என்பான். "அமத்திட்டன்" என்பாள். "உடு" என்பான். கல்முனை வாகனங்களில் பாதி அப்படித்தான் நின்றன, ஓடின.

இப்போது ஒரு பலகைத் துண்டைப் பெடலுக்கும் சீட்டுக்கும் இடையில் இறுக்கிவிட்டு ஓடிவந்து திருகாணியைத் திறப்பான். மூடிவிட்டுத் திரும்ப ஓடிப்போய்ப் பலகையை எடுப்பான். வலப்பக்கச் சில்லு முடிவதற்குள் முழங்கால் விட்டுப்போயிற்று. பலகையைச் சீட்டில் எறிந்துவிட்டு இடப்பக்கச் சில்லடியில் வந்து குந்தினான். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கதவிடுக்கால் வந்த வெளிச்சம் சாம்பல் நிறமாயிருந்தது. களைப்பில், பழக்கத்தில், திருகாணியில் ஸ்பெனரைப் போட்டபடி முணுமுணுத்தான்.

"அமத்து புள்ள."

பெடல் ஸ்பிரிங் கிரீச்சிட்டது.

திருகாணியைத் திறந்தான். ஒயில் குமிழியோடு சீறி வந்தது. மூடினான். குழாய்க்குள் மிஞ்சியிருந்த அமுக்கமாயிருக்கும் என்று நினைத்தான். சும்மா, அதைச் சோதிப்பதற்காகத்தான், கொஞ்சம் உரத்துச் சொன்னான்.

"உடு."

ஸ்பிரிங் மேலே வரும் சத்தம் கேட்டது.

எழும்பிப் போயிருக்கலாம். கதவு நாலு எட்டில் இருந்தது. பின்கழுத்து மயிர் சிலிர்த்து நின்றது உண்மை. ஆனால் பதினொரு மாதமாக அந்தக் கூரைக்குக் கீழே அவன் சொன்ன எந்தச் சொல்லுக்கும் மறுமொழி வந்ததில்லை. சோறு வெந்துவிட்டது என்று சொன்னாலும், காய்ச்சல் என்று சொன்னாலும் சுவர்தான் கேட்டது. இப்போது யாரோ கேட்கிறார்கள். கேட்டு, சொன்னதைச் செய்கிறார்கள். ஸ்பெனரை விடாமல் அங்கேயே குந்தியிருந்தான். அது பயத்தால் மட்டுமல்ல.

"அமத்து புள்ள" என்றான் மறுபடி. அமத்தியது. "உடு." விட்டது. அமத்து. உடு. இரண்டு பேர் செய்கிற வேலை, இரண்டு பேர் செய்வதுபோலவே நடந்தது.

ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ ஒயிலின் நிறம் மாறியது. வெளுத்தது. பிறகு கலங்கியது. போத்தலுக்குள் வந்து விழுந்தது தண்ணீர். பச்சைப் பாசி ஒரு நூலாக அதில் சுற்றியது. அதே சேற்று நாற்றம்.

இது எப்படி? புது றப்பர். புது ஒயில். அவன் கெலிப்பரை உற்றுப் பார்த்தான். உள்பக்கப் பிஸ்டன் வெளியே வந்திருந்தது. வெளிப்பக்கப் பிஸ்டன் அசையவில்லை. அது இறுகிவிட்டதா என்று பார்க்க, யோசியாமல், வழமைபோல வலக்கையின் இரண்டு விரல்களை இரும்புத் தட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே விட்டான்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை.

கிரீச்.

பிஸ்டன் வந்தது. மெதுவாக வந்தது. விரல்களைத் தொட்டது. நின்றது. பிறகு அமத்தியது.

"உடு!"

விடவில்லை.

"உடு புள்ள! கை! என்ட கை!"

இன்னும் ஒரு மிதி. எலும்பில் ஏதோ முறிந்தது. அவன் கத்தியது மழைக்குள் போயிற்று. தூரத்தில் அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு தொடங்கியிருந்தது. அதுவும் துண்டு துண்டாகத்தான் கேட்டது. ரோட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள்.

திருகாணி. அதைத் திறந்தால் அமுக்கம் இறங்கிவிடும். இடக்கையால் ஸ்பெனரைத் திருப்பினான். திறந்தது. தண்ணீர் கொட்டியது. போத்தல் நிரம்பி வழிந்தது. நிலத்தில் ஓடியது. அந்தக் காரின் குழாய் முழுவதிலும் ஒரு கோப்பை ஒயில்கூடக் கொள்ளாது. இது நிற்காமல் வந்தது. பிடி தளரவில்லை.

தலையைச் சரித்துக் காருக்கடியில் பார்த்தான்.

பெடல் இருக்கும் வலப்பக்கத்தில் யாரும் இல்லை. இங்கே, இடப்பக்கத்தில், தகரம் வெட்டி எடுத்த ஓட்டைக்குள் ஒரு பாதம் இருந்தது. வெறும் பாதம். நாளெல்லாம் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்து, தோல் சுருங்கி, விரல்கள் விறைத்து நின்றன. உள்ளங்கால் எதிலோ அழுந்தித் தட்டையாயிருந்தது. அதன் கீழே தகரம் இல்லை. பலகை இல்லை. காற்றைத்தான் மிதித்துக்கொண்டிருந்தது. மிதித்தது. எடுக்கவில்லை. மேலும் மிதித்தது. குதிக்காலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அது அவனுடைய பேச்சைக் கேட்கவே இல்லை. ஒருபோதும் கேட்டிருக்கவில்லை.

ஸ்பெனர் வழுக்கி விழுந்தது. காருக்கடியில், இருட்டில், எங்கேயோ. கெலிப்பரைப் பூட்டிய ஆணிகளைக் கழற்றினால் கை வந்துவிடும். ஸ்பெனர் எட்டும் தூரத்தில்தான் கிடக்க வேண்டும். இடக்கையை நீட்டினான். துழாவினான். சேறு. சற்று முன்வரை சீமெந்தாயிருந்த இடத்தில் சேறு, மணிக்கட்டு வரைக்கும். இன்னும் நீட்டினான். நுனிவிரலில் ஏதோ தட்டுப்பட்டது. இரும்பல்ல.

குளிர்ந்த விரல்கள்.

அவை அவனுடைய விரல்களின் இடைவெளிகளைத் தேடி, ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன. கோத்துக்கொண்டன. பக்கத்திலிருப்பவர் பாய்ந்துவிடக் கூடாதென்று பிடிப்பதுபோல, இறுக்கிப் பிடித்தன. மேலே, காருக்குள், கதவு திறக்காமலே, யாரோ சீட்டில் நகர்ந்து அவனுக்கும் இடம் விட்டார்கள்.