இரண்டாவது ரியூனர்

நெடுந்தீவின் இறங்குதுறையில் டினேஷ் கால்வைத்தபொழுது முற்பகல் பதினொன்றரை மணி ஆகியிருந்தது. ஊர்காவற்றுறையில் ஆறு ஆண்டுகளாகச் செய்மதித் தொலைக்காட்சிகளைத் திருத்திவந்த அவன், ஒரு வீட்டைத் தேடிக் கடலைக் கடப்பது அரிது. தோளிலே கருவிப்பை, கையிலே ஒரு சுருள் புதிய கேபிள். வெயில் தகித்தது. இருமருங்கும் நீண்டுசென்ற பவளக்கல் மதில்களின்மேல் ஒரு காகமேனும் அமர்ந்திருக்கவில்லை.

வீட்டுப் படலையில் நிலக்சனா காத்துநின்றாள். அவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். பிள்ளைகள் இல்லை. கணவன் அம்புறோஸ் மீன்பிடிக்கச் சென்று திரும்பாமற் போய் இரண்டு மாதங்கள் கழிந்திருந்தன. உடல் கிடைக்கவில்லை; ஆதலால் அடக்கமும் நிகழவில்லை.

"டிஷ் திருத்த வந்த தம்பியோ? வாரும். உமக்கு முதல் மூண்டு பேர் வந்தவை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுத் தலையைச் சொறிஞ்சதுதான் மிச்சம்."

"நான் தேத்தண்ணி குடிக்கிறேல்லை அக்கா. அதாலை கட்டாயம் திருத்திப்போடுவன்."

அவள் சிரிக்கவில்லை.

யன்னல்கள் யாவும் சாத்தப்பட்டிருந்த அறையில் பகலிலேயே இருள் தேங்கியிருந்தது. அழுகிய சாதாளைக் கடற்பாசியின் நாற்றம் மெல்லியதாக எழுந்தது. கடல் அருகில் இருப்பதனால் என்று டினேஷ் எண்ணிக்கொண்டான். தொலைக்காட்சியின் கீழே கறுப்பு நிறப் பதிவுக்கருவி இருந்தது. அதனுள் அலைவரிசை பிடிக்கும் ரியூனர்கள் இரண்டு உண்டு. ஒன்றினால் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டே, மற்றதனால் வேறொன்றைப் பதியலாம்.

"இது தன்ரை பாட்டிலை ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்கு எதையோ எடுக்குது, தம்பி. உள்ளுக்கு இடம் முடியப்போகுது. முடிஞ்சால் முதல் எடுத்ததை அழிச்சுப்போடுமாம். முதல் எடுத்தது இவற்றை, என்ரை மனுசன்ரை படம்."

அவள் ரிமோட்டை அழுத்திக் காட்டினாள். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான, போன ஆண்டுத் தேவாலயத் திருவிழாவின் சுற்றுப்பிரகார ஊர்வலம். புனிதரின் சுரூபத்தைச் சுமந்துவந்தவர்களுள் மூன்றாமவன் அம்புறோஸ். வியர்வை வழிய, யாரையோ பார்த்துச் சிரித்தான். நான்கு நொடிகள், அவ்வளவே.

"வேறை போட்டோ இல்லையோ அக்கா?"

"கலியாண அல்பம் இடம்பெயரேக்கை துலைஞ்சது. போனும் ஐடென்ரிக் காட்டும் அவரோடையே போட்டுது. இதை என்ரை போனிலை எடுத்துப் பாத்தனான். மற்ற ஆக்களின்ரை முகம் விழுந்தது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இவற்றை முகம் மட்டும் விழேல்லை."

"அந்த மற்றப் பதிவுகளை அழிக்கேல்லையோ?"

"அழிச்சால் அடுத்த நாள் திரும்பி நிக்கும். ரெண்டு கிழமை கறண்டு வயரைக் கழட்டியும் வைச்சனான். திருப்பிக் கொளுவேக்கை அந்த ரெண்டு கிழமையும் உள்ளுக்குப் பதிஞ்சு கிடந்தது. இவற்றை முகம் எனக்கு மறந்துகொண்டு போகுது, தம்பி. இதையும் விட்டனெண்டால் என்னட்டை ஒண்டுமில்லை."

டினேஷ் கருவியைத் திருப்பி அதன் முதுகை ஆராய்ந்தான். முதலாவது வாயிலில் கேபிள் செருகப்பட்டிருந்தது. இரண்டாவது வாயில் வெறுமையாக இருந்தது. அங்கே அலைவலு பூச்சியமாகவே இருத்தல் வேண்டும். திரையில் பார்த்தான்.

முதலாவது, எழுபத்தொரு வீதம்.

இரண்டாவது, நூறு.

வெற்று வாயிலை விரலால் தடவினான். ஈரம். முகர்ந்தான், உப்பு மணத்தது.

அம்புறோசின் பதிவுக்குப் பூட்டு இட்டான். பூட்டின் குறி தோன்றி, அணைந்தது. மீண்டும் இட்டான். மீண்டும் அணைந்தது. பெயரில்லாத பதிவுகள் அறுபத்தொன்று வரிசையாக நின்றன.

"இதுகளைப் பாத்தனீங்களோ?"

"பயம்."

அவன் முதலாவதை ஓடவிட்டான். திரை முழுவதும் கரும்பச்சை நீர். ஒலியைக் கூட்டியபொழுது எங்கோ ஆழத்தில் ஏதோ உராய்வது கேட்டது. இருபதாவதில் மணல். நாற்பதாவதில் கரை. ஐம்பத்தைந்தாவதில், நிலத்தோடு ஒட்டித் தவழ்வது போன்ற உயரத்தில், ஒரு பவளக்கல் மதில் மெல்ல மெல்ல நகர்ந்தது.

நேற்றையதைத் திறந்தான்.

இந்த வீட்டின் சமையற் குசினிக் கதவு. வெளியிலிருந்து.

விரைவாக ஓட்டிப் பார்த்தான். அது ஒரு மணிநேரம் அசையாது அக்கதவையே பார்த்திருந்தது.

டினேஷ் நிமிர்ந்து பார்த்தான். மணிக்கூட்டில் ஒரு மணியாக இன்னும் ஏழு நிமிடங்கள் இருந்தன.

"அக்கா, வன்தட்டைக் கழட்டுவம். அதிலைதான் எல்லாம் பதியுது. கழட்டினால் நிக்கும்."

"அப்ப அவற்றை படம்?"

"வேறை பெட்டியிலை ஓடாது. போயிடும்."

"வேண்டாம்."

"சொல்லுறதைக் கேளுங்கோ அக்கா. அது வீட்டடிக்கு வந்திட்டுது."

அவள் திரையிலிருந்த கதவை விரலால் தொட்டாள். பின்பு மெதுவாகச் சொன்னாள்:

"வந்தால் வரட்டுமன். அவற்றை வீடுதானே."

ஒரு மணி ஆனது; பதிவைக் காட்டும் செவ்விளக்கு கருவியில் எரிந்தது.

டினேஷ் இரண்டாவது ரியூனரின் காட்சிக்கு மாற்றினான். திரையில் ஓர் இருண்ட அறை. இரண்டு கதிரைகள். அவற்றில் அமர்ந்திருந்த இருவரின் முதுகுகள். ஒன்று பெண், மற்றது, நீலச் சட்டை அணிந்த ஆண்.

டினேஷ் அன்று அணிந்திருந்ததும் நீலச் சட்டையே.

குசினி வாசலில் நீர் சொட்டியது. ஒரு சொட்டு. இன்னொன்று.

அவன் திரும்பவில்லை. நிலக்சனா எழுந்தாள். திரையில் அவள் நேரே வந்தாள். இரு கைகளையும் நீட்டினாள். கைகள் பெருத்து, பெருத்து, திரையை மறைத்தன.

அக்கணத்தில் திரையின் அடியில் ஓர் அறிவித்தல் தோன்றியது: இடம் போதாமையால் பழைய பதிவு நீக்கப்பட்டது.

"தம்பி…"

அவள் குரல் காற்றுப்போல் இருந்தது.

"தம்பி, இதிலை முகம் இல்லை. தடவிப் பாக்கிறன். கண் இல்லை. மூக்கு இல்லை. வழுவழுவெண்டு கிடக்கு. அந்தப் படத்தைத் திருப்பிப் போடும்! கெதியாப் போடும்!"

அவன் திரும்பிவிட்டான்.

வாசலில் நிலக்சனா மட்டுமே நின்றாள். அவளுடைய உள்ளங்கைகள் வெறும் காற்றைப் பற்றியிருந்தன. அவற்றினிடையே இருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

டினேஷ் மறுபடி திரையை நோக்கினான். அங்கே திரை நிறைய அவனுடைய முகம், திரும்பிய நிலையில், அசையாது நின்றது. செவ்விளக்கு அணையவில்லை.

கருவிப்பையை எடுக்காமலே அவன் ஓடினான்.

மூன்று நாட்களின் பின், நண்பகலில், கடையிலிருந்த அவனுடைய தொலைபேசி ஒலித்தது. நிலக்சனா.

"இப்ப பெட்டி ஒழுங்கா வேலை செய்யுது, தம்பி. புதுசா ஒண்டும் எடுக்குதில்லை." மூச்சை அடக்கிக்கொண்டு பேசினாள். "அவர் ரீவிக்கு முன்னாலை கதிரையிலைதான் இருக்கிறார். சாப்பாடு இல்லை, நித்திரை இல்லை. அந்தக் கடைசிப் பதிவையே திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கிறார்."

"அக்கா, அதை அழியுங்கோ. இப்பவே அழியுங்கோ."

"ரிமோட்டைத் தாறாரில்லை." பின்னணியில் கதிரையொன்று நகரும் ஓசை கேட்டது. அவள் இன்னும் மெல்லப் பேசினாள். "முதல் நாள் கண் மட்டும்தான் வந்தது. நேற்று மூக்கும் வாயும் வந்திட்டுது. இப்ப என்னைத் திரும்பிப் பாக்கிறார், தம்பி."

"ஆரின்ரை முகம் அக்கா?"

நீர் சொட்டும் ஒலி மட்டும் கேட்டது. பின்பு, தொலைபேசியின் மறுமுனையில், டினேசின் குரலிலேயே யாரோ மெல்லச் சொன்னார்கள்:

"நான் தேத்தண்ணி குடிக்கிறேல்லை அக்கா."