நாரைத்திட்டுக்குப் போன சிவப்புப் பூட்டு

"மேடம், அது லைஃப் ஜாக்கெட். ஒன்னும் கடிக்காது... தைரியமா போட்டுக்குங்க."

குரல் பின்னாலிருந்து வந்தது. ஷைனி திரும்பவில்லை. ஜாக்கெட்டின் ஒவ்வொரு பக்கிளையும் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி இழுத்துப் பார்த்தாள். நான்காவது பக்கிள் லேசாக வழுக்கியது. அவளுக்கு அது போதாதா?

"இது வேணாம். வேற குடுங்க."

"இது ஏரிங்க. முக்காவாசி எடத்துல இடுப்பளவுதான் தண்ணி."

"மீதி கால்வாசில?"

கேட்டுவிட்டுத்தான் திரும்பினாள்... திரும்பாமலே இருந்திருக்கலாம். உப்புக்காற்றில் கலைந்த தலைமுடி, முழங்கால் வரை மடித்துவிட்ட பேன்ட், சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு கண்கள். வாய் மரியாதையாகத்தான் பேசுகிறது, அந்தக் கண்கள் மட்டும் கேலி செய்கின்றன! ஷைனிக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சலோடு காது மடல் ஏன் சூடாகிறது என்றுதான் புரியவில்லை.

"மீதி கால்வாசில நான் கீறேன்," என்றான் அவன். வேறு ஜாக்கெட்டை எடுத்து நீட்டினான். "என் பேரு ஜெகன். இன்னிக்கி உங்களுக்கு கைடும் நான்தான், போட் ஓட்டறதும் நான்தான்."

இந்தப் பயணமே ஷைனி கேட்டு வாங்கியதல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் அவள் எலக்ட்ரிக்கல் மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன். பாதுகாப்பு வாரத்துக்கு நடந்த வாசகப் போட்டியில் முதல் பரிசு அவளுக்கு. பிரஷர் குக்கர் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கொடுத்தது ஒரு கூப்பன். பழவேற்காடு ஏரியில் ஒரு நாள் தனிப்படகு, வழிகாட்டியோடு, நாரைத்திட்டு என்ற தீவுக்கு. குளத்தைக் கண்டாலே நான்கடி தள்ளி நடக்கிறவளுக்குப் படகுச் சவாரி! கூப்பனைக் கிழித்துப் போட்டிருப்பாள். அம்மா கிறிஸ்டினா விட்டால்தானே?

அம்மா அதற்குள் படகில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் கேரியர். முகத்தில் பள்ளிக்கூடச் சுற்றுலா போகும் பிள்ளையின் சந்தோஷம்.

"இன்னா நைனா, இதெப்டி ஓடும்?"

"இந்த டப்பாவத் தொறந்து, பச்ச பட்டன அமுக்குங்க ஆன்ட்டி. நீங்களே அமுக்குங்க!"

கிறிஸ்டினா அமுக்கினாள். இன்ஜின் உறுமியது. அம்மா கைகொட்டிச் சிரித்தாள். ஷைனி அந்தப் பட்டனையே பார்த்தாள். யார் வேண்டுமானாலும் அமுக்கலாம் என்றால் அது என்ன பட்டன்?

அவளுடைய பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அது தண்ணீர் மட்டுமல்ல. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் ஒரு ஆலையில் அப்பா பீட்டர் பழுது பார்க்க இயந்திரத்துக்குள் இறங்கினார். உள்ளே ஆள் இருக்கும்போது யாரும் ஓட்டிவிடக் கூடாது என்று, முறைப்படி ஸ்விட்ச்சுக்குத் தன் சிவப்புப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். ஷிஃப்ட் மாறியது. மேலே இருந்தவர்களுக்கு அவசரம். பூட்டை வெட்டிவிட்டு ஸ்விட்ச்சைப் போட்டார்கள்.

அன்றிலிருந்து அடுத்தவர் கையில் உயிரைக் கொடுப்பது என்றாலே ஷைனிக்கு நடுக்கம். பஸ்ஸில் டிரைவர் போன் பேசினால் இறங்கி நடப்பாள். மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றாள். 'என்னை நம்பு' என்று ஒருவன் சொன்னாலே அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். கைப்பையில் எப்போதும் தன் பெயரும் போட்டோவும் போட்ட அட்டையோடு ஒரு சிவப்புப் பூட்டு. லீவு நாளிலும்!

தீவு அழகாகத்தான் இருந்தது. வெள்ளை மணல், தாழம்புதர், சாய்ந்த நாலு தென்னை. ஆழமில்லாத தண்ணீரில் நூற்றுக்கணக்கான பூநாரைகள், இளஞ்சிவப்பாக...

"பாருங்க, ஒரே எடத்துல நின்னு காலால சேத்த மிதிச்சிக்கினே கீது. அடில கீற புழு, இறால்லாம் மேல வரும். அதான் அதுக்கு நாஷ்டா," என்றான் ஜெகன், ரகசியக் குரலில். அவன் தலை அவள் தோளருகே இருந்தது. ஷைனி பறவையைத்தான் பார்த்தாள். ஆமாம், பறவையைத்தான்...

சாப்பிடும்போது அம்மா மெல்ல இடித்தாள்.

"ஏன்டி, ஆட்டோக்காரங்கள்லேர்ந்து கேஸ் சிலிண்டர் போடறவங்க வரைக்கும் எல்லாரையும் அண்ணா, அண்ணாங்கற. இந்தப் புள்ளைய மட்டும் காலைலேர்ந்து ஒரு தபா கூட அப்டி கூப்புடலியே?"

ஷைனிக்குப் புரையேறியது. ஜெகன் எதுவும் காதில் விழாதவன் போலத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். கண்கள் மறுபடி சிரித்தன, பாவி!

திரும்பும்போது வானம் கறுத்தது. மார்ச் மாதத்தில் மழையா என்று அம்மா கேட்டு முடிக்குமுன் காற்று சுழற்றியது. பாதி வழியில், ஆழமான கால்வாயில், இன்ஜின் ஒரு கனைப்புக் கனைத்து நின்றது.

"இன்ஜின் விசிறில வலை சுத்திக்கிச்சி," என்றான் ஜெகன். சிரிப்பில்லாத குரல். "யாரோ அறுத்துவுட்ட பழைய வலை. கீழ எறங்கி அறுத்தா சரியாப் போய்டும்."

படகு நிற்கவில்லை. மெல்ல, மிக மெல்ல, கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஷைனி அதைக் கவனித்தாள்.

"எங்க போவுது?"

"தண்ணி வடியற நேரம். முகத்துவாரத்துக்கு இழுக்குது. அதுக்கு ரொம்ப தூரம் கீது, பயப்படாதீங்க."

முகத்துவாரம். ஏரி கடலில் விழும் இடம். ஷைனி படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அவனோ கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கத் தயாரானான். விசிறிக்குப் பக்கத்தில், வெறுங்கையோடு! இங்கே மேலே பச்சைப் பட்டன், அதற்குப் பக்கத்தில் அம்மாவின் கை...

"நில்லுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அம்மா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். ஷைனி கைப்பையைக் கவிழ்த்துச் சிவப்புப் பூட்டை எடுத்தாள். பட்டன் பெட்டியை மூடி, அதன் கொண்டியில் பூட்டை மாட்டினாள். அட்டையைத் தொங்கவிட்டாள். 'ஆபத்து. ஆள் உள்ளே இருக்கிறார்.' ஒரே ஒரு சாவி. அதை அவனிடம் நீட்டினாள்.

"உள்ள போறவர்கிட்டதான் சாவி இருக்கணும். அதான் ரூல். நீங்க மேல வந்து நீங்களே தொறக்கணும்."

அவன் அதை வாங்கினான். கழுத்துக் கயிற்றில் சாவியைக் கோர்த்துக்கொண்டு இறங்கினான்.

முதல் முறை வந்தான், மூச்சு வாங்கினான், போனான். இரண்டாம் முறை வந்தான், போனான். மூன்றாம் முறை... வரவில்லை. ஷைனி எண்ண ஆரம்பித்தாள். இருபது. முப்பது. கர்த்தரே! நாற்பது. மழையின் முதல் துளிகள் தண்ணீரில் விழுந்தன. ஐம்பத்திரண்டில் அவன் தலை மேலே வந்தது. இருமினான். கழுத்தைச் சுற்றி ரத்தச் சிவப்பாக ஒரு கோடு.

"வலை... கயித்துல மாட்டிக்கிச்சி. அறுத்துக்கினு வந்தேன். இன்ஜின் ரெடி." மார்பைத் தடவினான். முகம் மாறியது. "மேடம்... சாவி போய்டுச்சி."

படகு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. இப்போது அலைச்சத்தம் கேட்டது.

ஜெகன் படகின் அடியிலிருந்த இரும்புக் கம்பியை எடுத்தான். பூட்டின் வளையத்துக்குள் நுழைத்தான்.

"உடைக்காதீங்க!"

அது ஷைனியின் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. உடைத்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்று மூளைக்குத் தெரிகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு பூட்டு, வேறு கம்பி, உள்ளே அப்பா...

"அப்பாவோட பூட்ட... உடைச்சிட்டுதான்..." ஷைனி பூட்டின் மேல் கையை வைத்தாள்.

ஜெகன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரே ஒரு கணம். பிறகு கம்பியைக் கீழே வைத்தான். 'பைத்தியமா உனக்கு' என்று கேட்கவில்லை. பெருமூச்சுகூட விடவில்லை.

"செரி. உடைக்கல. வடக்கால நாப்பது அடி போனா இடுப்பளவு தண்ணி வந்துரும். கயித்தப் புடிச்சி இழுக்கறேன். ஆன்ட்டி, கழிய எடுத்து ஊனுங்க!"

அவன் குதித்தான். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தான். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு கழியை ஊன்றினாள். படகு நின்றது. ஆனால் வடக்கே வரவில்லை. ஒற்றை ஆளால் முடியாது. அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் கயிறு அழுந்துவது ஷைனிக்குத் தெரிந்தது.

என் பயத்துக்காக இவன் சாகணுமா?

கண்ணை மூடிக்கொண்டாள். குதித்தாள்.

குளிர்... மூக்கெல்லாம் உப்பு... கால் தரையைத் தேடியது, இல்லை, இல்லவே இல்லை! ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கெட்டியாகப் பிடித்தது.

"புடிச்சிக்கினேன்," என்றது குரல், காதருகே. "ஜாக்கெட்டு மிதக்கும். கால உதைங்க. விட மாட்டேன்."

விடவில்லை. இருவரும் கயிற்றை இழுத்தார்கள். பத்தடி. இருபதடி. ஷைனியின் கால் விரல் சேற்றைத் தொட்டபோது அவள் வாய்விட்டு அழுதாள். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

இடுப்பளவு தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் படகைத் தள்ளிக் கரை சேர்ந்தார்கள். அங்கே அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நன்றி. மன்னிப்பு. ஏதாவது ஒன்று. ஆனால் அவன் கழுத்தைப் பார்க்கப் பார்க்க அவமானம் பிடுங்கித் தின்றது. சாவியை அவன் கையில் கொடுத்தது யார்? உடைக்காதே என்று அலறியது யார்?

"சாவியப் பத்திரமா வெச்சிருந்தா இவ்ளோ பேஜாரு இல்ல," என்று சொன்னது அவள் வாய்.

அவன் கண்களில் இருந்த விளக்கு அணைந்தது. "ஆமா மேடம். என் தப்புதான்," என்றான். ஆட்டோ பிடித்து ஏற்றி அனுப்பினான். கிளம்பும்போது ஷைனி வெளியே தலையை நீட்டி, படபடவென்று சொன்னாள். "நான் இல்லாம அந்தப் பூட்ட வெட்டாதீங்க. போட்டவங்க எதுர்லதான் வெட்டணும்." அதை மட்டும் ஏன் சொன்னாள்? அவளுக்கே தெரியாது.

இரண்டு வாரம். ஷைனி வேலைக்குப் போனாள், வந்தாள். தூக்கத்தில் எண்ணினாள். நாற்பது... ஐம்பது... ஐம்பத்திரண்டுக்கு முன்னாலேயே திடுக்கிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும்போது அம்மா சொன்னாள்.

"அந்தப் புள்ளைக்கிப் போன் பண்ணேன். டிபன் கேரியரு அங்கயே வுட்டுட்டு வந்துட்டனே. பாவம்டி, இன்னும் கழியாலயே தள்ளிக்கினு கீறானாம் போட்ட. கரைல எல்லாரும் சிரிக்கறாங்களாம். ஒரு பூட்டு, ஒரே தட்டுல போய்டும், தட்டேன்டான்னேன். மாட்டேன் ஆன்ட்டி, வெச்சவங்க வரணும்னு சொல்லிக்கீறாங்கன்றான்."

ஷைனி நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"இன்னாடி?"

"ரெண்டு வாரமாவா?"

"ஆமாங்கறேன்!"

மேலே யாருக்கோ அவசரம் என்பதற்காக வெட்டிய ஒரு பூட்டு. எல்லாரும் சிரித்தும் வெட்டாமல் வைத்திருந்த ஒரு பூட்டு. ஷைனி வீட்டுக்குப் போகவில்லை. நேரே தொழிற்சாலைக்குப் போனாள். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுப் பெரிய கட்டரை வாங்கினாள். பழவேற்காடு பஸ் ஏறினாள். டிரைவர் போன் பேசினார். அவள் இறங்கவில்லை.

ஜெகன் படகில் உட்கார்ந்து கழியைச் சீவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். கழுத்துக் கோடு ஆறி, மங்கலாகத் தெரிந்தது. இன்ஜின் பெட்டியில் அவள் பூட்டு, அவள் அட்டை, அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கும் அவள் போட்டோ.

"வந்துட்டீங்களா... அந்த போட்டோவப் பாத்துட்டு யாரு யாருன்னு கேக்கறாங்க. இன்னா சொல்றதுன்னே தெர்ல."

"இன்னா சொன்னீங்க?"

"ஆபத்துன்னு சொன்னேன். அதான் எழுதிக்கீதே."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. படகுக்கும் கரைக்கும் நடுவே ஒரு முழத் தண்ணீர். ஷைனி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கி உங்களத் திட்டினேன். தப்பு என்னோடது."

"வுடுங்க."

"விட முடியல ஜெகன். தினமும் தூக்கத்துல நீங்க மேல வரதே இல்ல. நான் எண்ணிக்கினே இருக்கேன்."

முதல்முறையாக அவன் பெயரை அவள் சொன்னாள். ஜெகன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அப்ப... பூட்ட வெட்டிட்டுக் கட்டரோட போய்டப் போறீங்களா?" என்றான் மெல்ல. "எனக்கு அந்த போட்டோ போறதுல இஷ்டம் இல்ல. அத மட்டும் சொல்லிடறேன். ரெண்டு வாரமா அதுகிட்டதான் பேசிக்கினு கீறேன்."

"அது பதில் சொல்லுச்சா?"

"மொறைக்குது. அதுவே போதும்னு கீது."

காற்றில் மழை வாசனை. ஷைனியின் உள்ளங்கை வியர்த்துக் கட்டர் வழுக்கியது.

"எனக்கு பயமா இருக்கு," என்றாள்.

"தண்ணியா? இங்க முழங்கால்தான்..."

"தண்ணி இல்ல. நீங்க. தெனமும் நீங்க ஏரிக்குப் போவீங்க. காத்தடிக்கும், வலை சுத்தும், நீங்க எறங்குவீங்க. நான் சிப்காட்ல நின்னுக்கினு, வந்துட்டாரா, வந்துட்டாரான்னு..." கட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "இந்த பயம் வேணாம்னுதான் இத்தன நாளா எல்லாரையும் வேணாம்னேன்."

அவன் 'பயப்படாதே' என்று சொல்லவில்லை. 'என்னை நம்பு' என்றும் சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினான், அன்று தண்ணீருக்குள் நீட்டியதைப் போல.

ஷைனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழத் தண்ணீரைத் தாண்டிப் படகில் கால் வைத்தாள். படகு ஆடியது. அவள் கையை விடவில்லை.

"பரவால்ல," என்றாள். "உங்களுக்காகத் தெனமும் பயந்துக்கறேன்."