பறவைக்குக் கணக்குத் தெரியாது

இருட்டறையில் ஆலாப் பறவைகளின் எச்சம் நாறியது. லத்தா பேட்டையின் சந்தைக்கு மேலே, மாடியில், படம் கழுவும் மருந்துத் தட்டுகளுக்கு நடுவே அந்த நாற்றம் வர வழியே இல்லை. கமால் கையை முகர்ந்து பார்த்தான். கழுவிய கைதான்.

கோடையில் அவனும் ராபர்ட்டும் தெற்கே ஒரு தீவின் செங்குத்துப் பாறைக்கு, அடைகாக்கும் ஆலாக்களைப் படமெடுக்கப் போனார்கள். மறைப்புக் கூடாரத்துக்குள் இருவராக நுழைவார்கள். ஒருவர் மட்டும் வெளியே வந்து நடையைக் கட்டுவார். பறவைக்குக் கணக்குத் தெரியாது. ஆள் போய்விட்டதென்று நம்பிக் கூட்டுக்குத் திரும்பிவிடும். கடைசி நாள் ராபர்ட்டை உள்ளே விட்டுவிட்டு வந்தது கமால்தான். சாயங்காலம் திரும்பிப் போனபோது கூடாரத்தில் கேமரா மட்டுமே கிடந்தது. அது இப்போது வெளியறை மேசையில் இருக்கிறது. அதிலிருந்த ஃபிலிம் சுருளைத்தான் அச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

மரப்படியில் இருவர் ஏறி வரும் சத்தம் கேட்டது. கறுப்புத் திரைக்கு அப்பால் நின்று பேசியது ராபர்ட்டின் மனைவி ஜாஸ்லின்.

“பாய், படத்துல அவரு இருக்காரா?”

“எடுத்தவன் எப்படிம்மா படத்துல இருப்பான்? இன்னும் ஒண்ணு பாக்கி. கூட யாரு வந்திருக்கா?”

“யாருமில்ல பாய், நான் மட்டுந்தான். அக்கரை டாலாவுக்குப் போற படகு போயிரும். காலையில வர்றேன்.”

அவள் குரலில் இன்னும் நம்பிக்கை இருந்தது. அதைத்தான் கமாலால் தாங்க முடியவில்லை. ஒரே ஒருவரின் காலடி படியிறங்கிப் போனது.

தட்டில் கடைசித் தாள் மெல்லக் கறுத்தது. கூடாரத் துளை வழியே எடுத்த படம். முட்டைகளின் மேல் அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஆலாக்கள். அவற்றுக்குப் பின்னால், பாறையின் விளிம்பில், ஒரு மனிதன். குதிகால் அந்தரத்தில். கைகள் முன்னால் நீண்டிருக்க, வாய் பிளந்து, கேமராவையே பார்த்தபடி.

ராபர்ட்.

கமால் தாளை விளக்கருகே தூக்கிப் பிடித்தான். ஜாஸ்லினிடம் என்ன சொல்வான்? ராபர்ட் பிழைத்திருக்க வழியில்லை. ஆனால், அவன் வெளியே நின்றிருந்தால், கூடாரத்துக்குள் இருந்து எடுத்தது யார்?

நாற்றம் நெருங்கியது.

இருவர் வந்தார்கள். ஒருவர் போனார்.

கமால் மூச்சை அடக்கினான். வெளியே மேசையிலிருந்து கேமராவை எடுக்கும் சத்தம். பிறகு எதுவுமில்லை.

கறுப்புத் திரை, லென்ஸ் அளவுக்கு, மெல்ல விலகியது.

க்ளிக்.