எதிரணி கேப்டன் கத்திய சொல்

வியாழக்கிழமை காலை இளையோர் கால்பந்து அணியின் பயிற்சியாளர் வந்து கதவைத் தட்டியபோது, விசில் அம்மா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார்.

விசில் அம்மா இருபத்தாறு வருடம் கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே தெரியாமல் விசாரிக்க வேண்டிய விவகாரங்களை லீக் நிர்வாகம் அவரிடம்தான் அனுப்பும். மருந்துக்கடை நடத்தும் மாப்பிள்ளைக்கு மாமியாரின் விசாரணைகள் என்றால் உயிர். எதையாவது ரிப்பேர் பார்க்கும் சாக்கில் வாரம் இரண்டு முறை வந்துவிடுவார். "நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டது என்னையா, எங்கம்மாவோட கேஸ்களையா?" என்று மகள் கேட்காத நாள் கிடையாது.

பயிற்சியாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மூன்று நாள் தாடி.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள என் கோல்கீப்பரை வீட்டுக்கு அனுப்பணுமாம்மா. கமிட்டி உத்தரவு."

"என்ன பண்ணினான்?"

"எங்க ஆட்டத்தைத் துறைமுக அணிக்குக் காட்டிக் கொடுத்துட்டான்னு சொல்றாங்க. நான் நம்பல. ஆனா என் நம்பிக்கையை எந்தக் கமிட்டி கேக்கும்?"

நாடு முழுவதும் தேடிப் பொறுக்கிய பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்களின் அணி அது. அடிபட்டுக் கற்றுக்கொள்ளட்டும் என்று பெரியவர்களின் கிளப்புகள் ஆடும் லீக்கிலேயே அவர்களையும் இறக்கியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனால் அணி கலைக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். அதில் ஒரு புள்ளியாவது எடுத்தால்தான் தப்பிக்க முடியும்.

"எங்க பலமே கார்னர் கிக்தான்" என்றார் பயிற்சியாளர். "நாலு திட்டம் வெச்சிருக்கோம். விசிறி, குடை, ஏணி, மணி. பயிற்சியில நான் பேரைக் கத்துவேன், பசங்க ஓடுவாங்க. ஆட்டத்துல பேர் கிடையாது, கை ஜாடை மட்டும்தான். போன ஞாயிறு துறைமுக அணியோட ஆடினோம். எங்க பையன் கையைத் தூக்கினதுமே எங்க நிக்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு தடவை அவங்க கேப்டன் 'கூடை, கூடை'ன்னு வாய்விட்டே கத்தினான். மூணுக்கு ஒண்ணுன்னு தோத்தோம்."

"அந்த ஒண்ணு எப்படி வந்தது?"

"மணியில. அதை மட்டும் அவங்களால தடுக்க முடியல."

விசில் அம்மா தாளை மடித்து வைத்தார். "கேப்டன் வேற ஏதாவது பேர் கத்தினானா?"

"இல்லம்மா. அது ஒண்ணுதான். நான் கோட்டுக்குப் பக்கத்துலயே நின்னேன்."

"கோல்கீப்பர் மேல ஏன் சந்தேகம்?"

"அவனோட கூடப்பிறந்த அண்ணன் துறைமுக அணியில ஆடறான். எங்க மேலாளர் திங்கக்கிழமையே கமிட்டிக்குப் புகார் எழுதிட்டார்."

புகாரின் நகல் அவரிடம் இருந்தது. விசில் அம்மா அதை நிதானமாகப் படித்தார்: 'விசிறி, கூடை, ஏணி ஆகிய நமது மூன்று திட்டங்களையும் கோல்கீப்பர் தன் அண்ணனிடம் சொல்லிவிட்டதாக உறுதியாகக் கருதுகிறேன்.' அவர் இரண்டாம் முறையும் படித்துவிட்டு எழுந்தார்.

"மாப்பிள்ளை, மிக்ஸியை அப்புறம் மாட்டிக்கலாம். வண்டியை எடுங்க."

அணியின் மைதானத்தை ஒட்டி நீளமான ஓட்டுக் கட்டடம். பயிற்சியாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் கோல்கீப்பர் காத்திருந்தான். அந்த வேலைக்கு உயரம் கொஞ்சம் குறைவு. ஆனால் பந்து அவனைத் தாண்டுவது அபூர்வம் என்பதால் கூட ஆடுபவர்கள் 'குட்டிச்சுவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் கோபப்பட்டவன் இப்போது அந்தப் பெயரைக் கையுறையிலேயே எழுதி வைத்திருக்கிறான்.

"நான் சொல்லலைம்மா" என்றான். "இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"அந்த நாலு திட்டத்தோட பேரைச் சொல்லு."

"விசிறி, குடை, ஏணி, மணி."

"எழுதி வெச்சதைப் பாத்திருக்கியா?"

"எழுதியிருக்கா? எங்களுக்கு அதெல்லாம் தெரியாதும்மா. கோச் கத்துவார், நாங்க ஓடுவோம்."

படம், பேர், கை ஜாடை எல்லாம் எழுதியது ஒரே ஒரு தாள்தான் என்றார் பயிற்சியாளர். அது அவருடைய மேசைமேல் கனமான கண்ணாடிக்கு அடியில் விரித்து வைக்கப்பட்டிருந்தது. கண்ணாடிமேல் இரண்டு கோப்பைகள், ஃபைல்கள், ஒரு பழைய டிவி. மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். முகம் சிவந்ததே தவிர கண்ணாடி அசையவில்லை.

"விட்டுடுங்க சார், இடுப்பு பிடிச்சுக்கும்" என்றார் வாசலில் நின்ற உதவிப் பயிற்சியாளர். "அதைப் போட்டதே நாலு பேர் சேர்ந்து."

"தாள்ல மூணு திட்டம்தானே இருக்கு?" என்று விசில் அம்மா கேட்டார்.

"முன்பக்கம் இடம் போதலம்மா" என்றார் பயிற்சியாளர். "மணியைப் பின்பக்கம் எழுதினேன். அப்புறம்தான் கண்ணாடிக்கு அடியில வெச்சோம். இந்த அறைச் சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. நான் இல்லாம யாரும் உள்ள வர மாட்டாங்க."

"நீங்க இருக்கும்போது?"

"உதவிப் பயிற்சியாளர் என் பக்கத்துல உக்காருவார். பிசியோதெரபிஸ்ட் வந்தா அந்தச் சுவரோரக் கட்டில்ல. மேலாளர் பத்தரை மணிக்கு டீ குடிக்க வந்தா எதிர் நாற்காலி."

"பயிற்சி எத்தனை மணிக்கு?"

"காலையில ஆறுலேர்ந்து எட்டு. பிசியோவும் உதவி கோச்சும் தினம் களத்துல இருப்பாங்க. மேலாளர் ஆபீஸ் வேலைக்குப் பத்து மணிக்குத்தான் வருவார்."

விசில் அம்மா மாப்பிள்ளையைப் பயிற்சியாளரின் நாற்காலியில் உட்காரச் சொன்னார். "இரண்டாவது பேரைப் படிங்க."

"குடை."

"இப்ப எதிர்ப்பக்கம் வாங்க."

மாப்பிள்ளை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, தலைகீழாகத் தெரிந்த எழுத்துகளைக் கழுத்தைத் திருப்பிப் படித்தார். புருவம் உயர்ந்தது. மறுபடி பயிற்சியாளரின் நாற்காலிக்கு ஓடினார். திரும்பி வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை விசில் அம்மாவின் பார்வை நிறுத்தியது.

அங்கிருந்து அண்ணன் வேலை செய்யும் வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள். முகமூடியைக் கழற்றியவனின் கண்களில் தூக்கமில்லை.

"போன வெள்ளிக்கிழமை எங்க கேப்டன் ஒரு தாளைக் காட்டினார்" என்றான். "மூணு படம், பக்கத்துல கை ஜாடையோட வரைஞ்சிருந்துச்சு. யார் குடுத்தாங்கன்னு கேட்டேன், உனக்கெதுக்குன்னுட்டார். நான் அப்பவே தம்பிகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. என் அணியாச்சேன்னு வாயை மூடிக்கிட்டேன். இப்ப அவன் என் போனையே எடுக்க மாட்டேங்கறான்."

"பேரெல்லாம் எழுதியிருந்ததா?"

"எழுதியிருந்துச்சு. நாலு பேர் ஒண்ணா நின்னு, குடை விரியற மாதிரி பிரியறாங்க, இதுக்குப் போய் கூடைன்னு பேர் வெச்சிருக்காங்களேன்னு நான் சிரிச்சேன்."

திரும்பும் வழியில் மாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை. "எனக்குப் பிசியோ மேலதான் சந்தேகம் அத்தை. ஆளு பேசவே மாட்டேங்கறார்."

"பேசாதவங்களையெல்லாம் பிடிச்சா உங்க மாமனாரைத்தான் முதல்ல பிடிக்கணும். நேராப் பாத்து ஓட்டுங்க."

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு எல்லோரும் பயிற்சியாளர் அறையில் கூடினார்கள். கோல்கீப்பர் கதவருகே நின்றான். மறுமூலையில் நின்ற அண்ணனை அவன் பார்க்கவேயில்லை. மேலாளர் மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து, வழக்கமான எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அஞ்சு மணிக்கு நான் கமிட்டிக்குப் பதில் சொல்லணும்மா" என்றார் மேலாளர். "சீக்கிரம் முடிச்சா நல்லது."

"முடிச்சுடலாம்" என்றார் விசில் அம்மா. "ஒரு சொல்லைப் பத்தித்தான் பேசப்போறேன். இந்த அணியில 'குடை'ன்னு ஒரு திட்டம். துறைமுக கேப்டன் கத்தினது 'கூடை'. தப்பாக் கத்தினான்னு கோச் நினைச்சார். அவன் தாள்ல இருந்ததைத்தான் கத்தினான். அண்ணன் அந்தத் தாளைப் பாத்திருக்கான். காதால கேட்டவங்க யாரும் குடையைக் கூடைன்னு சொல்ல மாட்டாங்க. தினம் காலையில ரெண்டு மணி நேரம் மைதானமே அதிர்ற மாதிரி கோச் கத்தறார். அதனால ரகசியத்தைச் சொன்னது அந்தப் பேரைக் காதால கேட்டவன் இல்ல. கண்ணால தப்பாப் படிச்சவர்."

கோல்கீப்பர் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்ப இந்தப் பையன் இல்ல. உதவி கோச்சும் பிசியோவும் இல்ல. அவங்க தினம் கேக்கறவங்க. அடுத்தது, துறைமுக அணிக்கு நாலாவது திட்டம் தெரியல. அது தாளோட பின்பக்கம் இருக்கு. அதைத் திருப்பிப் பாக்க இந்தக் கண்ணாடியைத் தூக்கணும். எங்க மாப்பிள்ளை தூக்கிப் பாத்தார், இன்னிக்கு வரைக்கும் முதுகுல மருந்து தடவறார்."

மாப்பிள்ளை முதுகைத் தொட்டுக்கொண்டார். யாரோ சிரித்து அடக்கினார்கள்.

"தப்பாப் படிச்சதுக்குக் காரணமும் இங்கேயே இருக்கு. கண்ணாடியில சின்னதா ஒரு கீறல். கண்ணாடி தடிமன். கோச் பக்கத்துலேர்ந்து பாத்தா கீறல் எழுத்தை விட்டு விலகித் தெரியுது. எதிர் நாற்காலியிலேர்ந்து பாத்தா அந்தக் கீறல் நேரா 'கு'வோட வால்ல போய் ஒட்டிக்குது. குடை கூடையாயிடுது. அதுவும் தலைகீழாப் படிக்கிறவருக்கு."

எல்லோருடைய கண்களும் எதிர் நாற்காலிக்குப் போயின. மேலாளர் சிரித்தார்.

"அம்மா, இந்த நாற்காலியில எத்தனையோ பேர் உக்காருவாங்க."

"உக்காரட்டும். அவங்க யாரும் புகார் எழுதல." விசில் அம்மா நகலை மேசைமேல் வைத்தார். "விசிறி, கூடை, ஏணின்னு நீங்க எழுதியிருக்கீங்க."

"களத்துல அவங்க கத்தினதைத்தான் எழுதினேன்."

"கத்தினது 'கூடை' மட்டும்தான். விசிறியும் ஏணியும் யார் சொன்னாங்க?"

மேலாளர் பயிற்சியாளரைப் பார்த்தார். "இவர்தான் பேச்சுவாக்குல சொல்லியிருப்பார்..."

"நான் சொல்லியிருந்தா குடைன்னு சொல்லியிருப்பேன்" என்றார் பயிற்சியாளர் மெதுவாக. "நாலுன்னும் சொல்லியிருப்பேன்."

"நமது மூன்று திட்டங்கள்னு எழுதியிருக்கீங்க" என்றார் விசில் அம்மா. "மைதானத்துல பந்து பொறுக்கறவங்களுக்குக்கூட நாலுன்னு தெரியும். உலகத்துலயே மூணுன்னு நினைச்சவங்க துறைமுக அணிக்காரங்க, அப்புறம் நீங்க."

மேலாளர் கண்ணாடிமேல் கையை வைத்து, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த அணி அடுத்த வருஷம் இருக்காதுன்னு எல்லாரும்தான் பேசினாங்க" என்றார் கடைசியில். "துறைமுக கிளப்புல வேலை தர்றேன்னாங்க. ஆனா ஏதாவது கொண்டுவான்னாங்க. டீ குடிக்கும்போது பாத்துப் பாத்து வீட்டுல வரைஞ்சேன். ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வைக்கிறேன்மா. நான் எங்க போவேன்?"

"சரி. அந்தப் பழியை ஏன் இவன் தலையில போட்டீங்க?"

"கேப்டன் அப்படிக் கத்திட்டானே. யாராவது ஒருத்தர் வேணுமே." அவர் கதவுப் பக்கம் பார்க்காமலே தொடர்ந்தார். "அண்ணன் அங்க இருக்கான். ஜனங்க சுலபமா நம்புவாங்க."

பயிற்சியாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். விசில் அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கமிட்டிக்கு நான் எழுதிக்கறேன். இவரை என்ன பண்றதுன்னு அவங்க பாத்துப்பாங்க. தம்பி, உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

கோல்கீப்பர் முன்னால் வந்தான். "செவ்வாய்க்கிழமை இவர் எங்கம்மாவுக்கு போன் பண்ணி, உங்க பையன் அணியை வித்துட்டான்னு சொன்னார். அண்ணன்தான் வாங்கினான்னும் சொன்னார். நாலு நாளா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் பேசல. இப்ப இவரே போன் பண்ணட்டும். எல்லாரும் கேக்கற மாதிரி."

மேலாளர் போனை எடுத்தார். எண்ணை அவரே அழுத்தினார், ஸ்பீக்கரில் போட்டார். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, நான் மேலாளர் பேசறேன். உங்க பையன் எந்தத் தப்பும் பண்ணல. பெரியவனும் பண்ணல. நான்தான்."

அந்தப் பக்கமிருந்து தெளிவான, உரத்த குரல் வந்தது.

"என் பசங்க பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா? அவங்க வாயால சொல்லட்டும்னுதான் பேசாம இருந்தேன். ரெண்டும் ரோஷக்காரக் கழுதைங்க, ஒண்ணுக்கொண்ணு பேசிக்குதுங்களா?"

மூலையிலிருந்த அண்ணன், "இன்னும் இல்லம்மா" என்றான்.

"அப்ப எதுக்கு எனக்கு போன்?" இணைப்பு அறுந்தது.

கோல்கீப்பர் முதல்முறையாக மூலைப் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சும் சொல்லலையே நீ" என்றான். அண்ணன் தலைகுனிந்தான். "ஆமாடா. தப்புதான்." இருவரும் அறையை விட்டு ஒன்றாகத்தான் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மழையில் நடந்தது. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. பார்த்தவர்கள் யாரும் அதை நல்ல ஆட்டம் என்று சொல்லவில்லை. பயிற்சியாளர் மட்டும் இரவு சாப்பாட்டு நேரத்தில் விசில் அம்மாவை போனில் கூப்பிட்டு, முழு ஆட்டத்தையும் ஒரு உதை விடாமல் ஒப்பித்தார். அவர் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்.

"ஒரு புள்ளிம்மா" என்றார் பயிற்சியாளர் முடிவில். "அடுத்த வருஷமும் ஆடறோம்."